மறு: முன்பதமாக்கலா, முன்பக்குவமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை காலை விளக்கப் பலகை அச்சகத்துக்குப் போக வேண்டும். வீட்டுக் கழிவை எரிவாயுத் தொட்டியில் இடுவதற்கு முன் பிரித்து, நறுக்கி, ஊறவைத்து, சூடாக்குகிறோமே, அந்த வேலை முழுவதற்கும் ஒரே சொல் கேட்டேன். ஆறு நாளாகியும் நாம் ஒரு சொல்லில் நிற்கவில்லை.

முதலில் வந்த 'முன்பதப்படுத்தல்' எனக்கும் பிடித்திருந்தது. நேற்று பட்டர்வொர்த்தில் வகுப்புக் கரும்பலகையில் எழுதியதும், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "கெடாமல் இருப்பதற்கா, டீச்சர்?" என்று கேட்டாள். டின்னில் வரும் மீன்தான் அவளுக்குப் பதப்படுத்தியது. நமக்கு வேண்டியதோ கழிவு விரைவாகச் சிதைவது. அழித்துவிட்டேன்.

'முன்சுத்திகரிப்பு' வேண்டாம். ஐரோப்பாவில் சமையற்கழிவை 12 மில்லிமீட்டருக்குள் நறுக்கி 70 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைப்பது கிருமி ஒழிக்க. அது இவ்வேலையில் ஒரு பகுதி மட்டுமே.

பொங்கலுக்குப் பின் வாழை இலைகளை முழுதாகவே தொட்டியில் போட்டோம். மூன்று வாரம் கழித்தும் நடுநரம்பு நாராகவே மிதந்தது. லிக்னின் என்னும் மரப்பொருள் இறுகப் பிடித்திருக்கும் நாரை நுண்ணுயிர்கள் எளிதில் உடைப்பதில்லை. நீரின் துணையோடு கழிவு சிறுகூறுகளாக உடையும் முதற்படியான நீராற்பகுப்பு அங்கேதான் தாமதமாகிறது. அடுத்த முறை நகமளவு நறுக்கி, இரவெல்லாம் வெந்நீரில் ஊறவைத்தோம். காலையில் விரலிடையில் நசுங்கியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பார்ப்போமே, அதே பதம். அதனால்தான் 'முன்பதமாக்கல்' என்கிறேன். கூழாகவும் அரைத்துவிடக் கூடாது. அமிலம் திடீரென மிகுந்து, நமக்கு வேண்டிய எரிவாயுவான மீத்தேன் நின்றுபோகும். அந்த அளவறிதலும் 'பதம்' என்பதற்குள் இருக்கிறது.

இன்னொரு சொல்லான 'முன்பக்குவ'த்தை, 'பக்குவம்' வடசொல் என்று ஈப்போ ஐயா தடுக்கிறார். மூலம் அதுவே என்றாலும், பாட்டிமார் வாயில் பழகிய சொல்லைத் தள்ள எனக்கு மனமில்லை. 'பதம்' மட்டும் தமிழா என்று கேட்டவருக்கு, குறள் 548-இல் வரும் 'எண்பதத்தான்' (காண எளியவன்) வரை போய் ஐயா எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். காலடியைக் குறிக்கும் வடமொழிப் பதம் வேறு, சோற்றுப் பதம் வேறு என்றே நானும் கொள்கிறேன்.

கோலாலம்பூர் அண்ணன் 'முற்பதமாக்கல்' என்றே புணர வேண்டும் என்கிறார்; வல்லினம் வந்தால் ண் ட் ஆகவும் ன் ற் ஆகவும் மாறும் என்பதற்கு, 'ணன வல்லினம் வரட் டறவும்' என்று இலக்கண நூலான நன்னூலையும் காட்டுகிறார். விதி சரிதான், அண்ணா. ஆனால் டிக்கெட்டுக்கு 'முன்பதிவு' என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு 'முன்' கண்ணில் படவேண்டும். உங்கள் மறுப்பு அப்படியே நிற்கட்டும். கலைச்சொல் பட்டியலில் இரு வடிவத்தையும் பதிகிறேன். பலகையில் 'முன்பதமாக்கல்' போகிறது. வியாழன் இரவு வரை திருத்தலாம்.