அடிமீனுக்கு ஜிக் போட்டால் வேண்டாத மீன் மாட்டாதா?

பென்னாகரத்தான்:
நாகமரைப் பக்கம், மேட்டூர் அணையின் பின்தண்ணீரில் மண்புழு கோத்துப் போடுகிறவர்கள் அதை விட்டுவிடலாம். புழுவை ஜிலேபியும் பொடிக் கெண்டையும் கொத்தித் தீர்த்துவிடும், நாம் தேடும் அடிமீனான வாளைக்கு மிஞ்சாது. ஈயத்தலை ஜிக்கை, அதாவது ஈயத்தலை வைத்த முள்ளில் கோத்த போலி இரையை, நேராக இறக்குங்கள். ஈயம் தரையில் உட்கார்ந்ததும் தூண்டில் நரம்பு தொய்யும். ஒரு முழம் தூக்கி, நரம்பை லேசான இழுப்பிலேயே வைத்துக்கொண்டு விழ விடுங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் மீன் வந்து கவ்வும். விரல் நீளத்துக்கு மேல் ஜிக் இருந்தால் ஜிலேபி வாய்க்குள் போகாது. வேண்டிய மீனை மட்டும் பிடிக்க இதுதான் வழி.

காவிரிக்கரை:
ஜிலேபி சரிங்கண்ணா, மகசீர்? திமில் மகசீர் காவிரிப் படுகையை விட்டால் உலகில் எங்குமே இல்லை. 2018இல் மிக அருகிய இனமாக, அழியும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அது ஓடுகிற சிறு மீனையும் துரத்தித் தின்னும். ஜிக்கைப் பெரிதாக்கினால் ஜிலேபி தப்பும், மகசீர் மாட்டும்.

பென்னாகரத்தான்:
மகசீர் இருப்பது ஓடும் தண்ணீரில், பாறை மடுவில். நான் சொல்வது தேங்கிய தண்ணீர், சேற்றுத் தரை. எங்கே இறக்குகிறோம் என்பதிலேயே பாதி மீன் விலகிவிடும். ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரி வடக்குச் சரணாலயத்துக்குள் போட நான் சொல்லவே இல்லை.

காவிரிக்கரை:
அணை 120 அடி நிரம்பும்போது பின்தண்ணீர் ஒகேனக்கல் பக்கமாக ஏறுகிறது. அப்போது மீனுக்கு எல்லைக்கோடு ஏது? மூன்று முள் கொக்கி போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. செவுள் கிழிந்த மீனைத் தண்ணீரில் விட்டு என்ன பயன்? ஒற்றை முள்ளாக இருக்க வேண்டும், அதன் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டும் எதிர்முள்ளையும் குறடால் நசுக்க வேண்டும்.

கேஆர்பி அணை வாசி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வாளையே அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியையோ 2000இல் மத்திய அரசு தடை செய்தது. அது மாட்டினால் பாவம் பார்த்துத் திருப்பி விடவே கூடாது, மற்ற மீனின் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். எது வேண்டாத மீன் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பென்னாகரத்தான்:
எதிர்முள்ளை நசுக்குவதில் எனக்கு மறுப்பில்லை, நரம்பு தொய்யாமல் இழுத்தால் மீன் கழலாது. ஆனால் ஜிக்கே வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். புழுவை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் இறங்கும். ஜிக் பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் ஏறும். உயிரோடு திருப்பி விட எது தோது?

காவிரிக்கரை:
அதை மறுக்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் புது வெள்ளம் ஏறும் மாதங்களை மட்டும் விட்டுவிடுங்கள். மகசீரும் வாளையும் முட்டையிடுவது அப்போதுதான். சினை மீனை எந்த முள்ளில் பிடித்தாலும் தப்புதாண்ணா.