எழும்பூர் முதல் செங்கல்பட்டு வரை: ஸ்காட்லாந்து மிஷன் சபைகளும் அவற்றின் ஏடுகளும்

சங்கத்தின் அனைத்து உறவுகளுக்கும் வணக்கம்.

நம் வட்டாரத்துப் பழைய சபைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது கட்டடத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. கூரை ஒழுகுகிறது, சுவரில் விரிசல் கண்டிருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் நிதி திரட்டித் தந்தால் நன்றாக இருக்கும் என்று வேண்டுகோள் வருகிறது. நாமும் இயன்றதை அனுப்புகிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், செங்கல்பட்டுச் சீமையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கிய, பேராயர் இல்லாமல் மூப்பர்களால் நடத்தப்படும் பிரெஸ்பிடேரியன் சபைகளைப் பொறுத்தவரை, கட்டடத்தைவிடப் பெரிய சொத்து அவற்றின் ஏடுகள்தான், அதாவது பதிவேடுகளும் குறிப்பேடுகளும் கடிதங்களும்தான், என்பதும், அந்த ஏடுகளில் கணிசமான பகுதி ஊரில் அல்லாமல் நம்மில் பலர் குடியேறியிருக்கும் நகரங்களில் இருக்கிறது என்பதும் என் கருத்து. கிறிஸ்தவர் அல்லாத உறவுகள் இதைத் தமக்குத் தொடர்பில்லாத மடல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மிஷன் பள்ளியில் படித்த குடும்பம் எதுவாயினும், மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த குடும்பம் எதுவாயினும், அந்த ஏடுகளில் அதற்கும் ஓர் இடம் இருக்கக்கூடும்.

கதை எழும்பூரில் தொடங்குகிறது. 1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கல்கத்தாவுக்கு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பேராயர் ஒருவரை ஏற்படுத்தியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிலும் வணிகத்திலும் பெருமளவில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் திருச்சபைக்கும் உரிய இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அதன் விளைவாக மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கும் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகர்கள் கம்பெனிச் செலவில் நியமிக்கப்பட்டார்கள்; மூன்றிலும் புனித அந்திரேயாவின் பெயரால் ஆலயங்கள் எழுந்தன. சென்னை ஆலயத்திற்கு 1818-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1821-இல் வழிபாடு தொடங்கியது. கட்டியவர் மேஜர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலண்ட். இடம் சதுப்பு நிலம் என்பதால், நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தெரிந்த முறையிலேயே உறைக்கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் எழுப்பினார். கரையானுக்கு அஞ்சி, மேற்கூரையை மரமில்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட குவிமாடமாக அமைத்தார். உள்ளே பதினாறு கொரிந்தியத் தூண்கள் வட்டமாக நின்று அந்த நீலக் குவிமாடத்தைத் தாங்குகின்றன. வட்ட வடிவம் வெறும் அழகுக்காக வந்ததாக நான் எண்ணவில்லை. பிரசங்கமே வழிபாட்டின் நடுவாக இருக்கும் ஒரு மரபில், பிரசங்க பீடத்திலிருந்து எவரும் அதிகத் தொலைவில் அமராத ஆலயம் அதன் கொள்கைக்கே பொருந்தி வருகிறது.

அந்த ஆலயம் வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதன் வாசல் வழியாக நம் மக்களுக்கு வந்து சேர்ந்தது பள்ளிக்கூடம். ஆலயத்தின் போதகர்கள் இருவர், லாரியும் போவியும், 1835-இல் எழும்பூரில் ஒரு பள்ளியைத் தொடங்கி, அதை நடத்த ஒரு மிஷனரியை அனுப்புமாறு ஸ்காட்லாந்துக்கு எழுதினார்கள். 1837-இல் ஜான் ஆண்டர்சன் வந்தார். பின்னாளில் வில்லியம் மில்லரின் காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனத்தின் வேர் அதுதான். சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளைப் பள்ளிகள் தோன்றின. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்ததற்காக மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டபோது ஆண்டர்சன் அசையவில்லை. 1841-இல் ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது பள்ளி மீண்டும் ஏறக்குறைய காலியானது. காலம் கடந்து மறுபடியும் நிரம்பியது.

1843-இல் ஸ்காட்லாந்திலேயே பெரும் பிளவு ஏற்பட்டது. ஒரு சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை ஊர்ப் பெருநிலக்காரருக்கா, சபை மக்களுக்கா என்ற கேள்விதான் அதன் மையம். மக்களின் விருப்பத்துக்கு மாறாகப் போதகரைத் திணிக்கக் கூடாது என்று சொன்ன நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள், தாமஸ் சால்மர்ஸ் தலைமையில், சம்பளத்தையும் வீட்டையும் ஆலயத்தையும் விட்டு வெளியேறிச் சுயாதீனத் திருச்சபையை அமைத்தார்கள். ஆண்டர்சனும் அவருடைய தோழர்களும் வெளியேறியவர்களோடு நின்றார்கள். கம்பெனியின் ஆதரவில் இருந்த எழும்பூர் ஆலயமோ பழைய திருச்சபையிலேயே தொடர்ந்தது. ஆகவே நம் வட்டாரத்துச் சபைகளில் பெரும்பாலானவை, ‘சபையின் காரியம் சபையார் கையில்’ என்ற வழக்குக்காக வீடிழந்தவர்களின் கிளையிலிருந்து வந்தவை. இந்தப் பின்னணி தெரியாமல் நம் சபைகளின் குணம் புரியாது என்று நினைக்கிறேன்.

அந்தக் குணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரெஸ்பிடேரியன் முறையில் பேராயர் இல்லை. சபையார் தங்களுக்குள்ளிருந்து மூப்பர்களைத் தெரிந்தெடுக்கிறார்கள். போதகர் தலைமை வகிக்க, அந்த மூப்பர்கள் கூடும் மன்றத்துக்குச் செஷன் என்று பெயர். பல சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்து கூடுவது பிரெஸ்பிடெரி. அதற்கு மேல் சினாடு. கீழ் மன்றத்தின் தீர்ப்பில் மனக்குறை உள்ளவர் மேல் மன்றத்துக்குப் போகலாம். மேல்முறையீடு என்று ஒன்று இருந்தால் நடந்தது எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு செஷனும் நடவடிக்கைக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதிப் பிரெஸ்பிடெரியின் பார்வைக்கு வைக்க வேண்டியிருந்தது. ஆக, இந்தச் சபைகளில் ஏடு என்பது யாரோ ஓர் ஆர்வலரின் பொழுதுபோக்கால் வந்ததல்ல. அமைப்பின் எலும்புக்கூடே அதுதான்.

மூப்பர் பதவி மாலைக்கும் மரியாதைக்கும் உரிய பதவியாக மட்டும் இருக்கவில்லை. ஸ்காட்லாந்து வழக்கப்படி ஒவ்வொரு மூப்பருக்கும் சில குடும்பங்கள் பொறுப்பாக ஒதுக்கப்பட்டன. இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் பந்தியான திருவிருந்து ஆண்டில் சில முறைதான் நடக்கும். அதற்கு முன் மூப்பர் அந்த வீடுகளுக்குச் சென்று நலம் விசாரித்து, சண்டை சச்சரவு இருந்தால் தீர்த்துவைத்து, பந்தியில் சேரத் தகுதியுள்ளவர்களுக்கு ஓர் அடையாள வில்லை கொடுப்பார். ஈயத்தில் வார்த்த சிறு காசு போன்ற அந்த வில்லை இருந்தால்தான் பந்தியில் இடம். பிற்காலத்தில் அதன் இடத்தில் அச்சிட்ட அட்டை வந்தது. யார் வந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் ஏட்டில் ஏறும். அதனால்தான் செஷன் குறிப்புகளைப் படிப்பவருக்கு ஆராதனையைக் காட்டிலும் மனிதர்களே அதிகம் தென்படுகிறார்கள்: கணவன் மனைவி பிணக்கு, குடிப்பழக்கத்தால் பந்தியிலிருந்து விலக்கப்பட்டவர், விதவைக்கு ஒதுக்கிய உதவித்தொகை, பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போன குடும்பம். இவற்றைப் படிப்பது சில சமயம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஏழை எளியவர்களின் வாழ்க்கையை இவ்வளவு நெருங்கி எழுதிவைத்த ஏடுகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. கோயில் செப்பேட்டிலும் ஜமீன் கணக்கிலும் அவர்களுக்குப் பெயர் இருப்பது அரிது.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முறைமை சமத்துவத்தைப் பேசினாலும், பணம் நெடுங்காலம் மிஷனரிகள் மட்டுமே அமர்ந்த மிஷன் மன்றத்தின் கையில்தான் இருந்தது. மூப்பர் தேர்தலில் சாதி எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது.

ஆயினும் செங்கல்பட்டுக்கு மட்டுமே உரிய ஒரு பெருமை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே பணியாற்றிய சுயாதீனத் திருச்சபை மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, பறையர் குடிகளுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், தரிசு நிலம் கேட்டு அவர்கள் கொடுக்கும் மனுக்கள் மிராசுதாரர்களின் எதிர்ப்பால் முடங்குவதையும் அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் விடாமல் எழுதிவந்தார். ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையும், அதன்பின் 1892 செப்டம்பர் 30 அன்று வெளிவந்த 1010-ஆம் எண் அரசாணையும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென, இன்று பஞ்சமி நிலம் என்று நாம் குறிப்பிடும் நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தன. இன்றும் நீதிமன்றங்களில் நடக்கும் அந்த நில வழக்குகளின் முன்கதையை எழுத விரும்புபவர், வருவாய்த்துறை ஆவணங்களோடு மிஷன் கடிதங்களையும் படிக்காமல் எழுத முடியாது.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் விவிலியத்தின் சங்கீதப் பாடல்களை இசைக்கருவி இல்லாமல் பாடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ஆர்கன் வாத்தியத்தை ஆலயத்துக்குள் விடலாமா என்று 1860-களில்கூட அங்கே கடுமையாக வாதிட்டார்கள். தமிழ்ச் சபைகளோ அந்தக் கண்டிப்பைப் பொருட்படுத்தவில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் லுத்தரன் மரபில் வந்தவர் என்று யாரும் தள்ளிவைக்காமல், அவருடைய கீர்த்தனைகளை எல்லாச் சபையாரும் தமதாக்கிக்கொண்டார்கள்.

பிரெஸ்பிடேரியன் என்ற தனிப்பெயர் பிறகு மெல்லக் கரைந்தது. அமெரிக்க ரிஃபார்ம்டு திருச்சபையின் ஆற்காட்டு மிஷன் சபைகளோடு 1901-இல் ஓர் இணைப்பு, ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் காங்கிரிகேஷனல் சபைகளோடு 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1919-இல் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடி, சபைகள் ஒன்றுபட வேண்டும் என்று விடுத்த அறைகூவல், இறுதியாக 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை. எழும்பூர் ஆலயம் மட்டும் சில ஆண்டுகள் தனித்து நின்று பின்னரே சேர்ந்தது. பேராயர் இல்லாத மரபு பேராயரை ஏற்றுக்கொண்டது எளிதான காரியமல்ல. ஆனால் பேராயரும் சினாடு மன்றத்தோடு கலந்தே ஆள வேண்டும் என்ற ஏற்பாட்டில் பழைய மூப்பர் மரபின் சாயல் தெரிகிறது.

இனி நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். லண்டனில் இருக்கும் உறவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்-2 வரிசையைப் பார்க்கலாம். சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்ட ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் அங்கே உள்ளன. அவற்றில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே மிகுதி. எடின்பரோவில் இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு: மிஷனரிகளின் கடிதங்களும் குழுக் குறிப்புகளும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. வேலூர், ஆற்காடு பக்கம் உறவுமுறை உள்ளவர்கள், அமெரிக்க ரிஃபார்ம்டு திருச்சபையின் ஆவணங்கள் நியூ ஜெர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக் நகரில் இருப்பதைக் கவனிக்கலாம். பெங்களூரில் உள்ளவர்களுக்கு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது.

ஊரில் இருக்கும் ஏடுகளின் நிலை வேறு. ஆயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவதால், பீரோச் சாவி கைமாறும்போதெல்லாம் ஏதாவது ஒரு கட்டு இடம்பெயர்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, பக்கம் பக்கமாகப் படமெடுக்க முன்வருபவர்கள் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கள். ஏட்டை நூல்பிரிக்கக் கூடாது, பக்கத்தை அழுத்தி விரிக்கக் கூடாது, கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா போடக் கூடாது. படங்களின் ஒரு பிரதி கட்டாயம் சபையிடமே இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை பற்றிய குறிப்புகளில் இன்றும் ஊரில் வாழும் குடும்பங்களின் பெயர்கள் வரும் என்பதால், அந்தப் பக்கங்களை யாரும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மடற்குழு உறவு