வாடகை வீடு எந்த ஊரில் கட்டுவது?

நான் (டொரொண்டோ): குடும்பக் குழுவில் எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில், நம் ஊர்ப்பக்கம் நாலு குடும்பம் இருக்கும்படி ஒரு மாடிக் கட்டிடம் கட்ட நினைக்கிறேன். விற்கிற எண்ணம் இல்லை, இருபது வருசம் வாடகை வந்தால் போதும். மட்டக்களப்பா, வந்தாறுமூலையா, கல்முனையா, கொழும்பா?

அக்கா (செங்கலடி): வந்தாறுமூலைதான் தம்பி. கிழக்குப் பல்கலைக்கழகக் கம்பஸ் இருக்கிறது. வருசா வருசம் புதுப் பிள்ளைகள் வருவார்கள்.

மாமி (கல்முனை): 2020இல் கொரோனாவுக்குக் கம்பஸ் பூட்டினார்களே, மறந்துவிட்டதா? ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். தெரிந்த ஒருவர் கடன் எடுத்துப் பிள்ளைகளுக்கு அறை கட்டி, வாடகையே இல்லாமல் மாதக்கணக்காகக் கடன் கட்டினார்.

மாமா (கல்லடி): மருமகன், என் வீட்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்து கேட்ட வாடகையைக் கொடுத்தார்கள். நானும் ஆசையில் கடன் எடுத்து டைல்ஸ் போட்டேன், ஏசி பூட்டினேன். போர் முடிந்து கொஞ்சக் காலத்தில் ஒவ்வொன்றாகப் போய்விட்டார்கள். அந்த வாடகைக்கு ஊரில் ஆள் இல்லை. ஒன்றரை வருசம் வீடு பூட்டியே கிடந்தது. கடற்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துரு. கடைசியில் ஒரு ஆசிரியர் குடும்பம் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கு வந்தது. பன்னிரண்டு வருசம் இருந்தார்கள், ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

மாமா (கல்லடி): அதனால் ஒரே வகை ஆட்களை நம்பி இருக்கிற ஊர் வேண்டாம். மட்டக்களப்பு டவுனில் போதனா வைத்தியசாலை, கச்சேரி (மாவட்டச் செயலகம்), வங்கிகள் எல்லாம் இருக்கின்றன. புனித மிக்கேல், வின்சன்ட், மெதடிஸ்த மத்திய கல்லூரியில் பிள்ளைகளைப் படிக்க வைக்க வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தும் குடும்பங்கள் வருகின்றன. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு கல்லடியில் இருந்து டவுனுக்குப் போவதும் லேசு.

மாமி (கல்முனை): கல்முனையிலும் அஷ்ரப் வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு இருக்கின்றன. வாடகைக்கு ஆள் கிடைக்கும். ஆனால் காணி விலையைக் கேட்டால் தலை சுற்றும், சனநெருக்கம் அப்படி.

அண்ணா (கொழும்பு): ஊரைப் பிறகு பார்க்கலாம். காணி உறுதி (பத்திரம்) யார் பெயரில்? 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமக்கள் காணியைச் சொந்தமாக வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், 99 வருசம் வரை. நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடி வீடு என்றால் வெளியில் இருந்து முழுக்காசும் அனுப்பி வாங்கலாம், அது கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம்தான் சரிவரும். இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தத் தடை இல்லை.

நான் (டொரொண்டோ): இன்னும் எடுக்கவில்லை அண்ணா. அம்மாவின் பெயரில் எழுதினால்?

அண்ணா (கொழும்பு): எழுதலாம். ஆனால் அது அம்மாவின் காணி, பிறகு நம் மூவருக்கும் உரித்து. எனக்கு உன் காசில் ஒரு சதமும் வேண்டாம். ஆனாலும் நம் பிள்ளைகள் காலத்தில் சண்டை வரக் கூடாது. இரட்டைக் குடியுரிமையை முதலில் எடு.

அக்கா (செங்கலடி): எனக்கும் அதுதான் சரி தம்பி.

அண்ணா (கொழும்பு): கணக்கையும் பார். வீட்டுக்கு 35,000 ரூபாய் என்று வைத்தால் நாலுக்கும் மாதம் 1,40,000. காலியாகக் கிடக்கிற மாதம், பெயிண்ட், வரி, பைப் வேலை எல்லாம் கழித்து, பத்து மாத வாடகையை மட்டும் வரவாக எழுது. 14 இலட்சம். காணியோடு 4 கோடி முடிந்தால் நூற்றுக்கு மூன்றரைதான்.

மாமா (கல்லடி): அதுதான் நாலையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம் என்கிறேன். மேல்மாடிக்கும் தாங்குகிற அத்திவாரம் போட்டுக் கீழே இரண்டு வீடு கட்டு. அது நிரம்பினால் மேலே போகலாம். கரண்ட் மீட்டர் தனித்தனியாக எடு. இன்னொன்று, நம் பக்கம் மணல் நிலம், தோண்டினால் உடனே தண்ணீர். நாலு குடும்பத்துக்கு மலக்குழி எங்கே, அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் பிளான் கீற வேண்டாம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தாலும் கிணற்றை விட்டவர்கள் குறைவு.

நான் (டொரொண்டோ): கல்லடியில் ஒரு காணி சொல்லியிருக்கிறார்கள் மாமா. பரப்பளவு 15 பேர்ச், உறுதிப் பத்திரம் உள்ள காணி. முற்பணம் அனுப்பட்டுமா?

மாமா (கல்லடி): வேண்டாம் மருமகன். கார்த்திகை, மார்கழி மழை போகட்டும். நான் போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று படம் எடுத்து அனுப்புகிறேன். உறுதியின் பிரதியை இப்போதே வாங்கி அண்ணாவுக்கு அனுப்பு.

நான் (டொரொண்டோ): சரி மாமா. இன்றைக்கே கேட்கிறேன்.