டெக்ஸ்ட்ல வர்ற "1.5 ஜிபி"ய பைட்டா மாத்தணும், 1000-ஆல பெருக்கணுமா 1024-ஆலயா?

பொங்கோல்_பையன்:
வணக்கம். பாலிடெக்னிக் கடைசி வருஷம், இப்ப சாங்கி பிசினஸ் பார்க் பக்கம் இன்டர்ன்ஷிப். பல சர்வர்லேருந்து வர்ற ரிப்போர்ட்ட பைத்தான்ல படிச்சு எந்த கஸ்டமர் எவ்ளோ ஸ்டோரேஜ் புடிச்சிருக்காங்கன்னு பைட் கணக்குல கூட்டி பில்லிங்குக்கு அனுப்பணும், ஆனா ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஒவ்வொரு மாதிரி எழுதுது, ஒண்ணுல "1.5 ஜிபி", ஒண்ணுல ஸ்பேஸே இல்லாம "700எம்", இன்னொண்ணுல "2,048 கேபி", நடுவுல ஐ போட்டு "512 எம்ஐபி" வேற. ரெகெக்ஸ் (டெக்ஸ்ட்ல ஒரு பேட்டர்ன தேடிப் புடிக்குறது) எழுதி நம்பர், யூனிட் ரெண்டையும் பிரிச்சிட்டேன். எதால பெருக்குறதுன்னுதான் தெரியல. சூப்பர்வைசர் கிட்ட கேட்டா "எதா இருந்தா என்ன லா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்"ங்குறாரு. அப்படியா?

தோபாயோ_கோடர்:
ப்ரோ எதுக்கு ரெகெக்ஸ், ஹியூமன்ஃப்ரெண்ட்லின்னு ஒரு லைப்ரரி இருக்கு, அதுல பார்ஸ் சைஸ் ஃபங்ஷன கூப்பிடு, ஒரே லைன். முடிஞ்சிச்சு.

ஜூரோங்_அக்கா:
தம்பி, ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒரே தடவ பெருக்குற கேபில வித்தியாசம் 2.4%தான், ஆனா மூணு தடவ பெருக்குற ஜிபிக்கு வந்தா 7.4%, நாலு தடவ பெருக்குற டிபில கிட்டத்தட்ட 10%. பில்லுல 10% ஏறுனா கஸ்டமர் சும்மா விடுவாங்களா?

ஐ இருந்தா பிரச்சனையே இல்ல, கண்ண மூடிக்கிட்டு 1024. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1998 கடைசில ஐஇசிங்குற சர்வதேச தர நிர்ணய அமைப்பு அந்த ஐ யூனிட்டயே கொண்டு வந்துச்சு. ஐ இல்லாதப்பதான் தலைவலி, அப்ப அந்த டெக்ஸ்ட எந்த புரோகிராம் எழுதுச்சுன்னு தெரியாம பதில் சொல்லவே முடியாது. விண்டோஸ் ஜிபின்னு போட்டுட்டு 1024-ல கணக்கு பண்ணும், அதான் சிம் லிம் எலக்ட்ரானிக்ஸ் மால்ல வாங்குற 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸ்ல 238ன்னு தெரியுது, மேக் 2009-ல ஸ்னோ லெப்பர்டு வெர்ஷன்லேருந்து 1000-க்கு மாறிருச்சு. லினக்ஸ்ல வர்ற குனு டூல்ஸ்ல, உதாரணமா ஃபைல் காப்பி பண்ற டிடி கமாண்ட்ல, வெறும் எம் போட்டா 1024 கணக்கு, எம்பி போட்டா 1000 கணக்கு. ரெடிஸ்ங்குற டேட்டாபேஸோட கான்ஃபிக் ஃபைல்ல அப்படியே தலைகீழ், வெறும் எம் 1000, எம்பி 1024! போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் செட்டிங்ஸ்ல எம்பின்னா 1024.

லைப்ரரியும் இதுக்கு மருந்து இல்ல. மேல சொன்ன ஹியூமன்ஃப்ரெண்ட்லி சும்மா கூப்பிட்டா 1000 எடுக்கும், பைனரின்னு சொன்னாதான் 1024. நோட் ஜேஎஸ்ல பைட்ஸ் பேக்கேஜும் ஜாவாவோட ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்ல டேட்டாசைஸும் கேபிக்கு 1024 எடுக்கும். அதனால உன் ஃபங்ஷனுக்கு எந்த ரிப்போர்ட்டுன்னு ஒரு ஆர்க்யூமென்ட் கட்டாயமா வை, டிஃபால்ட் வைக்காத, ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் எந்த யூனிட்டுக்கு எத்தன பைட்டுன்னு தனி டேபிள். டேபிள்ல இல்லாத யூனிட் வந்தா எரர் அடிச்சு நிக்கட்டும், ஊகிக்க வேணாம்.

உட்லண்ட்ஸ்_ராத்திரி_ஷிஃப்ட்:
அக்கா சொன்னது கரெக்ட், ஒண்ணு சேத்துக்கோ, எல்லாத்தையும் முதல்ல லோயர்கேஸ் (சின்ன எழுத்து) ஆக்கிடாத. குபர்நெட்டிஸ்ல (சர்வர்கள்ல கன்டெய்னர்கள ஓட்டுற சிஸ்டம்) பெரிய எம்னா மெகா, சின்ன எம்னா மில்லி, அதாவது ஆயிரத்துல ஒண்ணு, மெமரிக்கு சின்ன எம் போட்டு 400எம்னு எழுதுனா 0.4 பைட்டுன்னு அர்த்தம் (அரை பைட்டு கூட இல்ல, என்னத்த ஓடும்). ஆனா ஜாவா ஹீப் (மெமரி) சைஸ்லயும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்லயும் சின்ன எம்மே மெகாதான். சின்ன பி பெரிய பியும் அப்படித்தான், சின்னது பிட், பெரியது பைட், 8 பிட்டு சேந்தா ஒரு பைட்டு, அதான் வீட்டு 1 ஜிபிபிஎஸ் (செகண்டுக்கு 1 கிகாபிட்) லைன்ல ஃபுல் ஸ்பீடு வந்தாலும் செகண்டுக்கு 125 மெகாபைட்தான்.

பொங்கோல்_பையன்:
ரொம்ப தேங்க்ஸ். 1.5 மாதிரி புள்ளி வர்றத ஃப்ளோட்ல (பைத்தானோட சாதாரண புள்ளி நம்பர்) போட்டு பெருக்கி இன்ட் (முழு நம்பர்) ஆக்குனா போதுமா?

ஜூரோங்_அக்கா:
வேணாம், ஃப்ளோட் தோராயமாத்தான் வச்சிருக்கும், பைத்தானோட டெசிமல் டைப் யூஸ் பண்ணு. 1.001-ஐ 1000-ஆல ஃப்ளோட்ல பெருக்கி இன்ட் ஆக்கிப் பாரு, 1001 வராது, 1000 வரும். அத விடப் பெரிய விஷயம், "1.5 ஜிபி"ங்கிறதே ஏற்கனவே ரவுண்ட் பண்ணுன நம்பர், டிஸ்க்ல புடிச்ச இடத்த காட்டுற குனு டியூ கமாண்டோட எச் ஆப்ஷன் மேல தூக்கித்தான் ரவுண்ட் பண்ணும், போன தகவல் திரும்ப வராது. முடிஞ்சா ரிப்போர்ட் அனுப்புறவங்க கிட்ட டியூல பிளாக் சைஸ் 1 போட்டு பைட்டாவே அனுப்பச் சொல்லு. "2,048"ல கமாவ தூக்கலாம், ஆனா ஜெர்மன் செட்டிங்ல ஓடுற சர்வர் 1.5-க்கு "1,5"ன்னு எழுதும், அதையும் தூக்குனா 15 ஆயிரும்.

சும்மா ஒரு தகவல், பைத்தான் ரெகெக்ஸ்ல பேக்ஸ்லாஷ் டி (இலக்கத்த புடிக்குற குறி) நம்ம தமிழ் எண் ௫௧௨-வையும் நம்பராத்தான் எடுக்கும், இன்ட்டும் அத 512-ஆ மாத்திரும். பத்துக்கான ௰ மட்டும் புடிக்காது.

பொங்கோல்_பையன்:
அக்கா ஒரு ரிப்போர்ட்ட எழுதுற ஸ்கிரிப்ட் யாரு கிட்டயும் இல்ல, அது என்ன கணக்குன்னு எப்படி கண்டுபிடிக்குறது?

உட்லண்ட்ஸ்_ராத்திரி_ஷிஃப்ட்:
டெஸ்ட் ஃபோல்டர்ல கரெக்டா 1,000,000,000 பைட்டுக்கு ஒரு ஃபைல் போட்டுட்டு அடுத்த ரிப்போர்ட்ட பாரு. 1 ஜிபின்னு வந்தா 1000 கணக்கு, 0.93 ஜிபின்னோ 954 எம்னோ வந்தா 1024. ட்ரங்கேட் கமாண்ட்ல மட்டும் ஃபைல உருவாக்காத, உள்ள ஒண்ணுமே இருக்காது, டிஸ்க்ல புடிச்ச இடம் பூஜ்யம்னு காட்டிரும், யுரேண்டம்லேருந்து (லினக்ஸ் தர்ற ரேண்டம் டேட்டா) டிடி வச்சு நெஜமாவே ரொப்பு.