ஒரு விசில், ஒரு மைதானம்: பள்ளி அணியை எங்கிருந்து கட்டுவது?

செம்மண் கிரவுண்டு:
அரசு மேல்நிலைப் பள்ளி. 600 பிள்ளைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான். மைதானம் 95-க்கு 55 மீட்டர், மேடு பள்ளம். பள்ளி திறந்த சில வாரங்களிலேயே குறுவட்டப் போட்டிக்கு (அக்கம்பக்கப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி) சுற்றறிக்கை வந்துவிடும். இந்த நிலையில் முதலில் எதைத் தொடுவது? "உழைத்தோம், வென்றோம்" கதைகள் நிறையப் படித்தாயிற்று. அளவு, கணக்கு, எங்கே சொதப்பும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

கம்பத்துக்காரன்:
எல்லா விளையாட்டுக்கும் பெயர் கொடுக்காதீர்கள் சார். குழு விளையாட்டு ஒன்று, தடகளத்தில் மூன்று நான்கு போட்டிகள். முதல் இரண்டு வருடத்துக்கு அதற்கு மேல் ஒரு ஆளால் முடியாது.

குழு விளையாட்டில் என் ஓட்டு கோ-கோவுக்கு. 27-க்கு 16 மீட்டர் களம், இரண்டு கம்பம், தீர்ந்தது. வாலிபாலுக்கு உயரம் வேண்டும். கபடியில் எடைப் பிரிவு பார்க்க வேண்டும். கோ-கோவில் ஒல்லியான, குட்டையான பிள்ளைக்கும் இடம் உண்டு. கம்பம் தரைக்கு மேல் 120 முதல் 125 செ.மீ. இருக்க வேண்டும். அதனால் 180 செ.மீ. கட்டை வாங்கி மூன்றில் ஒரு பங்கைப் புதையுங்கள். ஒரு முழம் மட்டும் புதைத்தால் மழைக்குப் பிறகு ஆடும். ஆடுகிற கம்பத்தைப் பிடித்துத் திரும்பப் பிள்ளைகள் பயப்படுவார்கள், வேகம் அங்கேதான் போகும். சொரசொரப்பு, ஆணி எதுவும் இருக்கக் கூடாது, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

ஆள் எடுப்பது ஆறாம் வகுப்பிலிருந்து. 14 வயதுக்கு உட்பட்டோர் அணி 6, 7, 8-இல்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தேட ஆரம்பித்தால் எடுத்தவுடன் பொதுத் தேர்வு வந்து நிற்கும்.

ஸ்டாப்வாட்ச்:
ஆள் எடுப்பதற்கு மூன்று சோதனை போதும்: 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், 600 மீட்டர். வகுப்பு முழுக்க ஓடட்டும். கை தூக்குகிறவர்களை மட்டும் ஓடவிட்டால் கூச்சப்படுகிற நல்ல ஓட்டக்காரி உட்கார்ந்தே இருப்பாள்.

ஒரு எச்சரிக்கை. 12 வயதில் திடீரென்று வளர்ந்த பையன்தான் எல்லாச் சோதனையிலும் முதலில் வருவான். 15-இல் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடிப்பார்கள். ஆகவே சின்ன உருவத்துப் பிள்ளைகளைக் கழித்துவிடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள்.

நேரம் எடுப்பதிலும் தவறு நடக்கிறது. 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குச் சத்தம் வர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். சத்தம் கேட்டு வாட்ச்சை அழுத்தினால் பையனுக்கு 0.3 விநாடி இனாம். மாவட்டப் போட்டியில் அது காணாமல் போய்விடும். ஸ்டார்ட் கொடுப்பவர் இரண்டு பலகையைத் தலைக்கு மேல் அடிக்கட்டும், பலகை சேர்வதைப் பார்த்து அழுத்துங்கள்.

கோலமாவு:
95-க்கு 55 என்றால் 200 மீட்டர் டிராக் ஆறு லேனோடு உட்காரும். கணக்கு இதோ.

நேர்ப்பகுதி 40 மீட்டர், வளைவின் ஆரம் 18.90. மண் தரையில் உள் விளிம்பில் மேடு கட்டியிருக்காது, கோடுதான். அதனால் ஓட்டத் தூரத்தைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே அளக்க வேண்டும். 19.10 மீட்டர் ஆரத்தில் முழுச் சுற்று 120 மீட்டர், இரண்டு நேர்ப்பகுதி 80, ஆக 200. லேன் அகலம் 1.22. ஆறு லேனுக்கு மொத்தம் 92.44-க்கு 52.44 மீட்டர் போகும். அது நெருக்கம் என்றால் நான்கு லேன் போடுங்கள், 87.56-க்கு 47.56 போதும்.

முதலில் 40-க்கு 37.80 செவ்வகம். மூலைவிட்டம் இரண்டும் 55.03 வர வேண்டும். வரவில்லை என்றால் மூலை கோணல்; மேலே போகாதீர்கள், கடைசியில் வளைவு நேர்க்கோட்டோடு சேராது. பிறகு 37.80 பக்கத்தின் நடுவில் முளை அடித்து 18.90-இல் வளைவு. இதற்கு நைலான் கயிறு ஆகாது, இழுக்க இழுக்க நீளும். கட்டுக்கம்பி அல்லது இரும்பு டேப். நான்கு மூலை, இரண்டு மையம், ஆறு இடத்திலும் இரும்பு முளையைத் தரைக்குக் கீழே இரண்டு விரல் ஆழத்தில் புதைத்துவிட்டால் அடுத்த வருடம் தோண்டிப் பார்த்தால் போதும், அளவெடுக்கும் வேலை மிச்சம்.

கோட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வியர்வை பட்டால் தோலைப் பொசுக்கும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கல்லை அரைத்துத் தெருவில் விற்கிற கோலமாவு நல்லது.

ஸ்டாப்வாட்ச்:
கோலமாவு சொன்னதோடு ஸ்டாகரையும் (வெளி லேன்காரருக்குத் தூரம் கூடாமலிருக்க அவரை முன்னால் நிறுத்தும் இடைவெளி) சேர்த்துக்கொள்ளுங்கள், பாதிப் பள்ளிகள் தடுக்குவது அங்கேதான். 400 மீட்டர் டிராக்கில் 200 மீட்டர் ஓட்டத்துக்கு உள்ள ஸ்டாகரை எடுத்து இங்கே போடுகிறார்கள். அங்கே 200 மீட்டருக்கு ஒரு வளைவுதான், இங்கே இரண்டு. ஸ்டாகர் ஆரத்தைப் பொறுத்தது அல்ல. லேன் அகலமும் எத்தனை வளைவு என்பதும்தான் கணக்கு. இரண்டு வளைவும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், அதனால் 1.22-ஐ 6.283-ஆல் (2π) பெருக்கினால் 7.67. இரண்டாம் லேன் 7.67 முன்னால், மூன்றாவது 15.33, நான்காவது 23.00, ஐந்தாவது 30.66, ஆறாவது 38.33.

இன்னொன்று: இந்த மைதானத்தில் நேரான 100 மீட்டர் கிடையாது. மூலைக்கு மூலை போட்டாலும் 110-ஐத் தொடாது. 100 ஓடி முடித்து நிற்க இன்னும் 17 மீட்டராவது வேண்டும். சுவரை நோக்கி ஓடுகிற பிள்ளை 80-லேயே வேகத்தைக் குறைக்கப் பழகிவிடும். 60 மீட்டர் போட்டுப் பயிற்சி கொடுங்கள்.

இரண்டரை யூனிட்:
நீளம் தாண்டுதல் குழியைப் பற்றி. அகலம் 2.75 மீட்டர், நீளம் 8 மீட்டர், மணல் ஆழம் குறைந்தது ஒரு அடி. கணக்குப் போட்டால் 237 கன அடி, சிந்தல் சிதறலோடு இரண்டரை யூனிட் மணல் (ஒரு யூனிட் 100 கன அடி). எம்-சாண்ட் மலிவு என்று கொட்டிவிடாதீர்கள். அது முனையுள்ள துகள், இரண்டு மழையில் தரை மாதிரி இறுகிவிடும், தோலையும் சிராய்க்கும். உருண்டையான ஆற்றுமணல் கொஞ்சமாகக் கிடைத்தாலும் தாண்டும் பலகையிலிருந்து 4 முதல் 6 மீட்டரில், குதித்து விழுகிற பகுதியில் மட்டுமாவது போடுங்கள்.

ஒவ்வொரு முறையும் மண்வெட்டியால் ஒரு சாண் கிளறிய பிறகுதான் தாண்ட வேண்டும். இரவில் பழைய வலையோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் நாய் அசுத்தம் செய்யும், பாட்டில் சில்லும் கிடக்கும். ஓடுபாதையை வடக்கு-தெற்காக வையுங்கள்; கிழக்கு-மேற்கு என்றால் காலையிலோ மாலையிலோ வெயில் கண்ணில் அடிக்கும், பலகை தெரியாது.

கம்பத்துக்காரன்:
தொடர் ஓட்டத்தை யாரும் சொல்லவில்லையே? நான்கு சுமாரான பிள்ளைகளை வைத்துப் பதக்கம் எடுக்க ஒரே வழி அதுதான். பேட்டனுக்கு (கைமாற்றும் குச்சி) பணம் செலவழிக்காதீர்கள். 40 மி.மீ. பி.வி.சி. குழாயை 29 செ.மீ. அறுத்து விளிம்பைத் தேய்த்தால் சுற்றளவு 12.5 செ.மீ. வரும், விதி கேட்பது 12 முதல் 13 வரை. 4x100-இல் பேட்டனை மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். பழைய கையேட்டைப் பார்த்து 20 என்று கோடு போடுகிற பள்ளி இன்னும் இருக்கிறது.

வாங்குபவர் தன் கோட்டிலிருந்து பின்னால் பாதம் பாதமாக எண்ணி (18-இல் ஆரம்பியுங்கள்) ஒரு அடையாளம் வைக்கட்டும். கொடுப்பவர் அதை மிதித்ததும் வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். எட்டவில்லை என்றால் ஒரு பாதம் குறையுங்கள், முட்டிக்கொண்டால் ஒரு பாதம் கூட்டுங்கள். முழு வேகத்தில்தான் பழக்க வேண்டும். மெதுவாகப் பழகியது போட்டியில் உதவாது.

சுண்டல் டீச்சர்:
எல்லாரும் மண்ணையே அளக்கிறீர்கள், வயிற்றை யாரும் கேட்கவில்லை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை 6.30 பயிற்சிக்கு வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளை பெரும்பாலும் வெறும் வயிறு. தலைக்கு 40 கிராம் கொண்டைக்கடலை, 30 பேருக்கு 1.2 கிலோ, முந்தின இரவே ஊறப்போட வேண்டும். பயிற்சி முடிந்த பிறகுதான் சுண்டல். முன்னால் ஒரு வாழைப்பழம்.

11 முதல் 14 வயதில் முழங்கால் சிப்பிக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி என்றால் "சோம்பல்" என்று திட்டாதீர்கள். வளரும் வயதில் தசைநார் இழுப்பதால் வருவது. தாண்டுதலையும் கடினத் தரை ஓட்டத்தையும் சில வாரம் நிறுத்துங்கள்; வீக்கமோ இரவு வலியோ இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் உடை மாற்றும் அறையும் கடைசி பஸ்ஸும். மாலைப் பயிற்சியை 5.30-க்கு முடியுங்கள், அறைக்கு உள்தாழ்ப்பாள் போடுங்கள்.

செம்மண் கிரவுண்டு:
நன்றி. பதிவு வேலையில் கவனிக்க வேண்டியது?

ஸ்டாப்வாட்ச்:
பிறப்புச் சான்றிதழ், ஆதார், இ.எம்.ஐ.எஸ். (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் இணையப் பதிவு) மூன்றிலும் பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் ஒன்றா என்று ஜூனிலேயே பாருங்கள். முதலெழுத்து மாறியிருந்தாலும் மேஜையில் திருப்பி அனுப்புவார்கள். திருத்த வாரக்கணக்கில் ஆகும். போட்டிக்கு முந்தின நாள் எதுவும் நடக்காது.