சேலம் அழகாபுரத்தில் தனி வீட்டை இடித்து ஃபிளாட் கட்டலாமா?

அழகாபுரத்தான்:
எங்கள் தெருவில் 2,400 சதுர அடி மனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். பெரியவர் போனதும் பிள்ளைகள் பில்டருக்கு விற்றுவிட்டார்கள். கீழே கார் பார்க்கிங், மேலே மூன்று மாடி, ஆறு ஃபிளாட் என்று போர்டு தொங்குகிறது. சட்டப்படிதான் கட்டுகிறார்களாம். 2019 கட்டட விதிகளில் எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கை, 1.5இலிருந்து 2 ஆக ஏற்றினார்கள் அல்லவா, அதனால் இந்த மனையில் 4,800 சதுர அடி வரை கட்டலாம். சரி, தெரு இருபது அடிதானே? மேட்டூர் தண்ணீர் எங்களுக்குத் தினமும் வருவதில்லை, கழிவுநீருக்கு இன்னும் செப்டிக் டேங்க்தான். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு குடும்பம் என்றால் லாரித் தண்ணீரும் போர்வெல்லும்தான் கதி, அந்தப் போர் எங்கள் போரைத்தான் முதலில் வற்ற வைக்கும். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி மாதிரி இடங்களில் ஒரு மாடிக்கு மேல் விடக்கூடாது என்று மாநகராட்சியில் மனு கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.

குகை வாடகைக்காரி:
நான் போட மாட்டேன் அண்ணா. உங்கள் ஏரியாவை ஒட்டிய ஐந்து ரோடு பக்கம்தான் எனக்கு வேலை. நைட் ஷிப்ட் முடிந்து பக்கத்திலேயே இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைதான், ஆனால் உங்கள் ஏரியாவில் தனி வீடு எங்கள் ஆயுளுக்கும் வாங்க முடியாது. 800 சதுர அடி ஃபிளாட் என்றால் கடன் போட்டாவது யோசிக்கலாம். அதையும் தடுத்தால் நாங்கள் எங்கே போவோம்? ஓமலூர் ரோட்டிலும் மல்லூர் பக்கமும் சோளக்காட்டை மனை போட்டு விற்கிறார்களே, அங்கேதான். அங்கே குழாயும் கிடையாது, சாக்கடையும் கிடையாது, பஸ்ஸும் நினைத்த நேரத்துக்கு இல்லை. நகரத்துக்குள் ஏற்கெனவே ரோடு, கரண்ட், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிற இடத்தில் இன்னும் நாலு குடும்பம் இருக்கட்டும் என்பதில் என்ன தப்பு? அந்தப் பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் வயதான இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாம் பெங்களூரில்.

அழகாபுரத்தான்:
அம்மா, நீங்கள் வரக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்றுதான் கேட்கிறேன். ஒரு காலத்தில் இந்த ஊருக்கே குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி வறண்டுபோன கதை தெரியும்தானே. முதலில் குழாய், சாக்கடை, அப்புறம் மாடி.

குகை வாடகைக்காரி:
ஓமலூர் ரோட்டுக்குப் போனாலும் நான் குடிக்கப் போவது அதே மேட்டூர் தண்ணீர்தான் அண்ணா. இன்னும் நீளமாகக் குழாய் பதிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக்லாந்து கன்னங்குறிச்சி:
நான் நியூசிலாந்தில் இருக்கிறேன். ஆக்லாந்தில் 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால்வாசியில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தார்கள், அதற்கு அப்புறம் புது வீடுகளின் எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் தனி வீடு மட்டும் என்ற விதியையே எடுத்துவிட்டது. அங்கேயும் தெருக்காரர்கள் இதே மாதிரிதான் எதிர்த்தார்கள்.

அழகாபுரத்தான்:
தம்பி, அங்கே வீட்டுக் கழிவு எங்கே போகிறது, இங்கே எங்கே போகிறது? ஊர்க் கழிவு கலக்கிற திருமணிமுத்தாற்றை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டிராயிங் ஆபீஸ்:
நான் பிளான் போட்டுக் கொடுக்கிற ஆள். இரண்டு பேருமே பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, எட்டு வீட்டுக்கு மேல் போகாமல் இருந்தாலோ ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு தேவையில்லை. 2,400 சதுர அடி என்பது 223 சதுர மீட்டர்தான். அதே மாதிரி 14 மீட்டர் உயரத்துக்குள், எட்டு வீட்டுக்குள், 750 சதுர மீட்டருக்குள் இருக்கிற குடியிருப்புக்குக் கட்டி முடித்த சான்றிதழும் வேண்டாம் என்று 2024இல் தளர்த்திவிட்டார்கள். 4,800 சதுர அடி என்றால் 446 சதுர மீட்டர். ஆக இந்த ஆறு ஃபிளாட் கட்டடம் பிளான்படி வந்திருக்கிறதா என்று கடைசியில் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை, சான்றிதழ் கேட்காமலே கரண்டும் கிடைத்துவிடும். பக்கவாட்டில் விட வேண்டிய இடம், பார்க்கிங், 2003இலிருந்து கட்டாயமான மழைநீர்த் தொட்டி எல்லாமே பில்டரின் மனசாட்சியைப் பொறுத்தது. எனக்கு மாடி எத்தனை என்பதைவிட இதுதான் பயமாக இருக்கிறது. சொந்தமாகக் குடியிருக்கக் கட்டுகிறவருக்கு அந்த விலக்கைக் கொடுக்கலாம், விற்பதற்குக் கட்டுகிறவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஃபிளாட் வாங்கப்போகிற தங்கச்சிதான் முதலில் மாட்டுவார்.

குகை வாடகைக்காரி:
அப்படி ஒரு மனு என்றால் நானும் போடுகிறேன் சார். நாலு ஃபிளாட்டுக்கு மேல் விற்கக் கட்டினால் சான்றிதழ் கட்டாயம், மழைநீர்த் தொட்டியைப் பார்த்த பிறகுதான் கரண்ட் என்று எழுதுங்கள். ஆனால் ஒரு மாடியோடு நிறுத்து என்ற வரி அதில் இருக்கக்கூடாது.

அழகாபுரத்தான்:
சான்றிதழ் விஷயத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். மாடி விஷயத்தை எடுக்க முடியாது. முப்பது அடி ரோட்டில் மூன்று மாடி கட்டட்டும், இருபது அடித் தெருவில் தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இருக்காது, அதிலும் இரண்டு பக்கமும் கார் நிற்கும்போது.

குகை வாடகைக்காரி:
அந்தக் கார்கள் இன்றைக்கே தெருவில்தானே நிற்கின்றன அண்ணா, ஃபிளாட் இன்னும் கட்டவே இல்லையே. ரோடு அகலத்தைப் பார்த்து மாடி என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஏரியா பேரைப் பார்த்து என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு மனுவாகவே கொடுங்கள், சான்றிதழ் மனுவில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.