ஜாங்கோவில் 900 போட்டால் போதுமாம்!

பாம்பாட்டி: நேற்று ஒருவர், இணையதளம் கட்டும் ஜாங்கோ மென்பொருளைப் பற்றி, "ஜாங்கோவில் செஷன் குக்கீ ஏஜை 900 ஆக்குங்கள், 15 நிமிடம் சும்மா இருந்தால் தானாக லாகவுட் ஆகிவிடும்" என்று இங்கே அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். செஷன் என்றால் உள்ளே வந்தவரைப் பற்றித் தளம் வைத்திருக்கும் குறிப்பு; அதற்கான குக்கீயின் ஆயுள்தான் இந்த 900 வினாடி. தப்பு. வேலை செய்துகொண்டிருந்தாலும் வெளியே தள்ளும். செஷனில் எதுவும் மாறாதவரை, அந்த 15 நிமிடம் லாகின் ஆன நேரத்திலிருந்து ஓடுகிறது.

லாராவெல்ராசு: அந்த 'ஒருவர்' நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஜாங்கோ தானாக வைத்திருப்பது 12,09,600 வினாடி. இரண்டு வாரம்! பிரவுசிங் சென்டரில் ஒருத்தன் அப்படியே எழுந்து போனால் என்ன கதி?

பாம்பாட்டி: இரண்டு வாரம் நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? லாகின் ஆன நேரத்திலிருந்து என்றுதான் சொன்னேன்.

லாராவெல்ராசு: என் கடைத் தளத்திலும் 900தான். ஒரு மணி நேரம் சுற்றினேன், யாரும் தள்ளவில்லை.

பாம்பாட்டி: கூடையில் பொருள் போட்டிருப்பீர்கள். செஷனில் ஏதாவது மாறினால்தான் ஜாங்கோ அதைச் சேமித்துக் குக்கீயைப் புதுப்பிக்கும். சும்மா பக்கம் பார்த்தால் செய்யாது. அதற்கு, ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் சேமிக்கச் சொல்லும் செஷன் சேவ் எவ்ரி ரிக்வெஸ்ட் என்ற அமைப்பை ட்ரூ ஆக்க வேண்டும். நான் ஒரு மருத்துவமனை வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டது. நர்ஸ் 20 நிமிடம் படிவம் நிரப்பி சேவ் அழுத்தினால் லாகின் பக்கம் வருகிறது! திட்டு வாங்கியது நான்.

கோவைக்காரி: அண்ணா, நிரப்பும்போது சர்வருக்கு ஒன்றும் போகாதே? ட்ரூ போட்டிருந்தாலும் அந்த நர்ஸ் வெளியேதான்.

லாராவெல்ராசு: 😂😂

பாம்பாட்டி: அது வேறு கதை. பேச்சு லாகின் ஆன நேரத்தைப் பற்றி.

லாராவெல்ராசு: ஜாங்கோ மாதிரியே தளம் கட்டும் லாராவெலில் 120 என்றால் 120 நிமிடம் சும்மா இருந்தால்தான் போகும். இந்த இழவெல்லாம் கிடையாது.

பாம்பாட்டி: அங்கே நிமிடம், இங்கே வினாடி. ஜாங்கோவிலும் 120 என்று போட்டுவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை லாகின் கேட்கிறது என்று போன வருடம் இங்கே அழுதவர் யாரோ!

லாராவெல்ராசு: பழசைக் கிளறாதீர்கள். உங்கள் பாஸ்வேர்டு ஹேஷ் பதிவில் எத்தனை தப்பு என்று நானும் எண்ணி வைத்திருக்கிறேன்.

செந்தமிழன்: செஷன் என்ன செஷன்? 'அமர்வு' என்று எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

கோவைக்காரி: வந்துட்டாரு.

பாம்பாட்டி: அமர்வோ செஷனோ, லாகின் ஆன நேரத்திலிருந்து.

லாராவெல்ராசு: 900தான். மாற்ற மாட்டேன்.